அம்மா எழும்பும் நேரம்

மட்டக்களப்பின் படுவான்கரைப் பகுதியில் ஆசிரியையாகப் பணிபுரியும் வாசகி ஒருவர் சென்ற மாதம் எனக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனுடைய கட்டுரைக் கொப்பியின் ஒரு பக்கத்தைப் பிரதி செய்து கடிதத்தோடு இணைத்திருந்தார். கட்டுரையின் தலைப்பு, நாம் எல்லோரும் ஒரு காலத்தில் எழுதியதும், நம்மிற் பலர் பின்னர் பிள்ளைகளைக் கொண்டு எழுதுவித்ததுமான அதே பழைய தலைப்புத்தான்: 'எனது தாய்'.

பத்து வாக்கியங்கள். கையெழுத்துச் சீரானது. முதல் வாக்கியத்தில் தாயின் பெயர். இரண்டாவது வாக்கியம் இது: "எனது தாய் பாடசாலை மணி அடிக்கும்போது நித்திரை விட்டு எழும்புவார்." பிற்பகலில் தான் விளையாடப் போகும் வேளையிலேதான் தாய் சமைத்த மத்தியானச் சோற்றை எல்லோரும் உண்பார்கள் என்றும், தான் படுத்து நித்திரையான பின்பும் அவருக்கு வேலை முடிவதில்லை என்றும் பையன் தொடர்ந்து எழுதியிருந்தான்.

ஆசிரியை அந்தப் பாடசாலைக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர். இரண்டாவது வாக்கியத்தின் கீழே சிவப்பு மையினாற் கோடிட்டு, "தாய்மார் விடியுமுன் எழும்புவார்கள். கவனித்து எழுதுக" என்று ஓரத்தில் குறித்து, மூன்று புள்ளிகளையும் குறைத்திருக்கிறார். இரண்டு கிழமைகள் கழித்துப் பெற்றோர் கூட்டத்துக்குப் பையனுடைய அம்மம்மா வந்தபோதுதான் அவருக்குச் செய்தி தெரிந்தது. பையனின் தாய் குவைத் நாட்டில் வீட்டுப் பணிப்பெண். போய் மூன்றாண்டுகள் ஆகின்றன. முதல் இரண்டாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் திரும்பாமல், அங்கேயே இன்னொரு முறை ஒப்பந்தம் செய்துகொண்டாராம்.

குவைத்தின் கடிகாரம் நமது கடிகாரத்துக்கு இரண்டரை மணித்தியாலம் பிந்தியது. இங்கே ஏழரைக்குப் பாடசாலை மணி அடிக்கும்போது அங்கே காலை ஐந்து மணி. நாலரைக்குப் பையன் பந்தடிக்கப் போகையில் அந்த வீட்டில் பிற்பகல் இரண்டு மணி, சாப்பாட்டு வேளை. பையன் ஒரு வாக்கியத்தையும் கற்பனை செய்யவில்லை. கணக்குப் பார்த்தே எழுதியிருக்கிறான். அந்த வகுப்பிலே தன் தாயின் நாளை மணிப்பிரகாரம் அறிந்து எழுதியவன் அவன் ஒருவனாகத்தான் இருந்திருக்க வேண்டும். "சிவப்பு மையால் நான் எழுதியதை இனி எதனால் அழிப்பது?" என்று ஆசிரியை என்னிடம் கேட்டிருந்தார்.

இந்தக் கேள்விக்கு உடனே பதில் எழுத என்னால் முடியவில்லை. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு.

இந்தப் பத்திரிகைத் தொழிலுக்கு வருமுன் சில ஆண்டுகள் நானும் ஆசிரியனாக இருந்தேன். ஏழாம் வகுப்புக்கு இதே தலைப்பைக் கொடுத்தேன். ஒரு சிறுமி தலைப்பை மட்டும் எழுதி, கீழே வெறும் பக்கத்தோடு கொப்பியைக் கொண்டுவந்து வைத்தாள். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன், பதில் இல்லை. இரண்டாம் முறை கேட்டேன்; அப்போதும் பதில் இல்லை. அதனை நான் அகங்காரம் என்று எடுத்துக்கொண்டேன். பாடம் முடியும்வரை அவளை வாங்கின்மேல் ஏற்றி நிறுத்தினேன். அவள் அழவில்லை, எதிர்ச் சுவரைப் பார்த்தபடி நின்றாள். பாடசாலை விட்ட பின் வயதில் மூத்த ஆசிரியர் ஒருவர் என்னைத் தனியே அழைத்து, அவளுடைய தாய் சென்ற அறுவடைக் காலத்தில் ஒரு வியாபாரியோடு ஊரை விட்டுப் போய்விட்டாள் என்ற விவரத்தைக் கூறினார். ஊர் முழுவதும் அறிந்ததை நான் ஒருவன் மட்டுமே அறியாதிருந்தேன்.

மறுநாள் நான் அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. சொன்னால் அவள் மேலும் நோவாள் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். உண்மையில் எனக்கு வெட்கமாக இருந்தது; அவ்வளவுதான். தவணை இறுதியில் அவளுடைய முன்னேற்ற அறிக்கையில் "அமைதியானவள், வகுப்போடு நன்கு பழகிக்கொண்டாள்" என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

'பழகிக்கொண்டாள்', 'பழகிவிட்டான்' என்னும் இந்தச் சொற்களைப் பற்றித்தான் இன்று எழுத விரும்புகிறேன். தாய் வீட்டை விட்டுச் சென்ற பின்னர் பிள்ளை இரண்டு நாள் அழுகிறது. பின்பு ஒரு கிழமை சாப்பிட மறுக்கிறது. அதன் பின்பு அழுகை நிற்கிறது. வீட்டார் நிம்மதிப் பெருமூச்சு விட்டு, "பிள்ளை பழகிவிட்டான்" என்கிறார்கள். அயலாரும் ஆமோதிக்கிறார்கள். ஆசிரியராகிய நாம் அதையே தவணை அறிக்கையில் எழுத்தில் வைக்கிறோம்.

இங்கிலாந்தில் ஜேம்ஸ் ரொபேட்சன் என்பவர் 1952ஆம் ஆண்டில் ஒரு படம் எடுத்தார். சிறு சத்திர சிகிச்சைக்காக எட்டு நாட்கள் ஆஸ்பத்திரியில் இருந்த இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் படம் அது. பெற்றோர் எந்நேரமும் பிள்ளையுடன் இருப்பதை ஆஸ்பத்திரிகள் அனுமதியாத காலம். தாயைப் பிரிந்த குழந்தை மூன்று நிலைகளைக் கடப்பதாக ரொபேட்சன் கண்டார். முதலிற் கதறி அழுது தாயைக் கேட்கும். அடுத்து ஏங்கிச் சோர்ந்து போகும். மூன்றாவதாக, யாரோடும் சிரிக்கும், கொடுத்ததை உண்ணும், தாய் வந்து நின்றால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். இந்த மூன்றாம் நிலையைத்தான் தாதிமார் குழந்தை 'பழகிவிட்டது' என்று கருதி மகிழ்ந்தனர். மூன்றிலும் ஆபத்தானது அதுவே என்றார் ரொபேட்சன். வைத்தியர் பலர் முதலிற் சினந்தனர். எனினும் 1959ஆம் ஆண்டில் பிளற் குழுவினர் வெளியிட்ட அறிக்கை, பிள்ளைகளைப் பார்க்கப் பெற்றோரைத் தடையின்றி அனுமதிக்குமாறு அந்நாட்டு ஆஸ்பத்திரிகளுக்குச் சிபார்சு செய்தது.

ரொபேட்சனோடு பணிபுரிந்தவர் ஜோன் போல்பி. தாய்ப் பராமரிப்பைப் பற்றி உலக சுகாதார ஸ்தாபனத்துக்காக 1951ஆம் ஆண்டில் அவர் எழுதிய அறிக்கை புகழ்பெற்றது. செல்வர் வீட்டில் தாதி ஒருத்தியின் கையில் வளர்ந்தவர் அவர். ஏறத்தாழ நான்கு வயதில் அந்தத் தாதி வேலையை விட்டுப் போனதைத் தாயை இழந்ததற்கு நிகரான துயரமாக அவர் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். பெற்ற தாய் அதே வீட்டில்தான் இருந்தார் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். பிள்ளையின் மனம் யாரைத் தாயாகக் கொள்கிறது என்பது நம் உறவுமுறைப் பட்டியலைப் பார்த்து நடக்கிற காரியமன்று.

போல்பியின் பெயரைச் சொல்லித் தாய்மாரைக் குற்றக் கூண்டில் ஏற்றுவோர் உண்டாதலின் மற்றொன்றையும் சொல்லவேண்டும். மைக்கல் றற்றர் 1972ஆம் ஆண்டில் எழுதிய நூலில் இவ்விஷயத்தை மறுபரிசீலனை செய்து, பிரிவு ஒன்றினால் மட்டுமே பிள்ளை கெட்டுவிடுவதில்லை என்று காட்டினார். பிரிவுக்கு முன்னர் வீட்டில் நடந்த சச்சரவு, பிரிவுக்குப் பின்னர் கிடைத்த பராமரிப்பு, பற்றிக்கொள்ள இன்னொரு மனிதர் இருந்தாரா இல்லையா என்பவை எல்லாம் சேர்ந்தே பிள்ளையின் கதியைத் தீர்மானிக்கின்றன. ஆகவே, எஞ்சியிருப்போராகிய நம்முடைய நடத்தையும் கணக்கில் வருகிறது.

நம் நடத்தை எப்படி இருக்கிறது? எண்ணெய் விலை உயர்ந்த 1973ஆம் ஆண்டின் பின்னர் வளைகுடா நாடுகளிற் பணம் பெருகிற்று. 1977ஆம் ஆண்டின் பின்னர் நம் நாட்டின் கதவுகளும் அகலத் திறந்தன. எண்பதுகளில் நம் பெண்கள் வீட்டு வேலைக்காக அங்கே செல்லத் தொடங்கி, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் வெளிநாட்டு வேலைக்குச் சென்ற இலங்கையரில் ஏறத்தாழ நான்கில் மூவர் பெண்களாக இருந்தனர். பின்னர் அந்த விகிதம் குறைந்ததாயினும், பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் ஆணும் பெண்ணுமாக மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் நாட்டை விட்டு வேலைக்குப் போயினர். அவர்கள் அனுப்பும் பணத்தை அரசாங்கம் அந்நியச் செலாவணி என்று எண்ணிக் கணக்கில் வைக்கிறது. பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் வருவதில்லை.

வந்த ஒரு கணக்கும் கோணலாகவே வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளையுடைய தாய்மார் வெளிநாடு செல்வதைத் தடுக்க 2007ஆம் ஆண்டில் அமைச்சரவை தீர்மானித்தது; எதிர்ப்பு எழுந்தமையால் அது சட்டமாகவில்லை. 2013ஆம் ஆண்டில் குடும்பப் பின்னணி அறிக்கை என்ற ஒன்று கட்டாயமாக்கப்பட்டு, அத்தகைய தாய்மாரின் பயணம் மறுக்கப்பட்டது. இவ்விதி பின்னர் தளர்த்தப்பட்டது. பிள்ளையைப் பற்றி அரசு ஒருமுறையேனும் நினைத்ததே என்று மகிழ்ந்திருக்கலாம். ஆனால் வேலைக்குச் செல்லும் தகப்பனிடம் அந்த அறிக்கை கேட்கப்படவில்லை. பிள்ளை தாய்க்கு மட்டும் பிறந்தது போலும்!

அரசை விடுவோம், ஊரைப் பார்ப்போம். பயணம் போகும் தாயை ஊர் தியாகி என்கிறது. அவள் வேறொருவனோடு போனாலோ, அடி பொறுக்காமல் தாய் வீட்டுக்கும் போக முடியாமல் எங்கேனும் போனாலோ, ஊர் அவளுக்கு வேறு பெயர் வைத்திருக்கிறது. இரண்டு பெயரும் பிள்ளையின் காதில் விழுகின்றன. தியாகியின் பிள்ளை "எனக்கு அம்மா வேண்டும்" என்று சொன்னால் நன்றி கெட்டவனாகிறான். மற்றவளின் பிள்ளை அதே சொல்லைச் சொன்னால் மானங்கெட்டவனாகிறான். ஆதலால் இருவரும் சொல்லாமலிருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். அந்த மௌனத்தைத்தான் நாம் பழக்கம் என்று கொள்கிறோம்.

இதற்கு மேலாக, பொய்யும் சொல்கிறோம். கட்டுநாயக்காவுக்கு வான் வரும் நேரம் நள்ளிரவு. பிள்ளை நித்திரையாக இருக்கும்போதே தாய் புறப்பட்டுவிடுகிறாள். அல்லது பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப்போய் இனிப்பு வாங்கிக் கொடுக்கும் பொறுப்பு மாமனுக்கோ சித்திக்கோ விழுகிறது. எழுந்து தேடும் பிள்ளைக்கு "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போயிருக்கிறா, நாளைக்கு வருவா" என்கிறார்கள். நாளை என்ற சொல்லை அந்தப் பிள்ளை அதன் பிறகு எப்படி நம்பும்? நல்ல நோக்கத்தோடுதான் இது செய்யப்படுகிறது. பிள்ளையின் அழுகையைக் காணும் துணிவு தாய்க்கும் இல்லை, நமக்கும் இல்லை. ஆயினும், விடைபெறாமற் போன தாய் எந்த நித்திரைக்குப் பின்னும் மீண்டும் காணாமற் போகக்கூடியவள் என்று பிள்ளை முடிவு செய்துவிடுகிறது. சில பிள்ளைகள் இரவில் உறங்க மறுப்பதற்குப் பேயும் பிசாசும் காரணமல்ல.

கிழக்கு மாகாணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவேண்டும். மட்டக்களப்பில் குடி தாய்வழியே வருவது. வீடும் வளவும் சீதனமாக மகளுக்கே எழுதப்படுவது. மகளுக்கு வீடு கட்டுவதற்காகவே தாய் கடல் கடந்து போகிறாள் என்பது அங்கே சாதாரணமான கதை. அந்த மகளோ, கட்டி முடியாத அவ்வீட்டில், சீமெந்து பூசாத சுவர்களுக்கு நடுவே அம்மம்மாவோடு வளர்கிறாள். தாய்வழி உறவினர் அயலிலேயே குடியிருப்பதால் பிள்ளை அநாதையாக விடப்படுவதில்லை. இது அந்த மண்ணின் பெரும் பலம். இருமல் மருந்துப் போத்தலை ஒரு கையிலும் பேரனின் புத்தகப் பையை மறு கையிலும் பிடித்தபடி பாடசாலை வாசலில் நிற்கும் அந்தக் கிழவிகளுக்கு இந்நாடு பட்ட கடன் பெரிது. அவர்களிடம் நான் வேண்டுவது ஒன்றே: அம்மாவின் பெயரை வீட்டில் எடுக்கவிடுங்கள். அவள் எந்தக் காரணத்துக்காகப் போயிருந்தாலும் எடுக்கவிடுங்கள்.

முன்பெல்லாம் வளைகுடாவிலிருந்து கடிதத்தோடு ஒலிநாடாக்களும் வரும். தாய் பேசிப் பதிவு செய்து அனுப்பியதை வீட்டார் கூடியிருந்து கேட்பார்கள். பிள்ளை அதைத் தேயத் தேயக் கேட்கலாம். இப்போது கைத்தொலைபேசியில் முகத்தையே காணலாம் என்கிறார்கள். காணலாம்தான், எசமானி தொலைபேசியைக் கையில் கொடுக்கும் வேளையில், சில நிமிடங்களுக்கு. அந்தச் சில நிமிடங்களில் "படிக்கிறாயா, சாப்பிட்டாயா" என்று இரண்டு கேள்விகள். ஒலிநாடாவில் தாய் அரை மணி நேரம் கதை பேசினாள் என்று எனக்குத் தோன்றுவது பழைமைப் பற்றாகவும் இருக்கலாம்.

இலக்கியப் பக்கத்தில் இதையெல்லாம் எழுதுவானேன் என்று கேட்கும் அன்பர்களுக்கு மணிமேகலையை நினைவூட்டுகிறேன். தாயால் விடப்பட்ட பிள்ளை ஒருவனைச் சீத்தலைச் சாத்தனார் அக்காவியத்திலே படைத்திருக்கிறார். கற்பு நெறி வழுவிய வாரணாசிப் பார்ப்பனி சாலி, பாவம் தீரக் குமரியாடப் புறப்பட்டு, வழியிலே பெற்ற மகவைத் தோட்டமொன்றில் இரக்கமின்றி விட்டுச் செல்கிறாள். பசுவொன்று ஏழு நாள் பாலூட்டிக் காக்கிறது. அவ்வழியே மனைவியோடு வந்த அந்தணன் இளம்பூதி எடுத்து வளர்க்கிறான். அவனே ஆபுத்திரன். வேள்விக்குக் கட்டிய பசுவை அவன் விடுவித்தபோது ஊரார் அவனுடைய பிறப்பை எடுத்து இழித்துரைக்கிறார்கள். தாயின் கதை முழுவதும் சபையிலே விரிக்கப்படுகிறது.

அந்த இடத்தில் ஆபுத்திரன் செய்வதை நம் பண்டிதர்கள் போதிய அளவு கவனித்ததாக எனக்குத் தெரியவில்லை. அவன் கூனிக் குறுகவில்லை, தாயைச் சபிக்கவுமில்லை. சிரிக்கிறான். நீங்கள் போற்றும் முனிவர்களின் பிறப்பை நினைத்துப் பாருங்கள், சாலியிடம் மட்டும் என்ன குற்றம் கண்டீர்கள் என்ற கருத்தில் எதிர்க்கேள்வி போடுகிறான். தன்னைத் தோட்டத்திலே போட்டுவிட்டுப் போனவளுக்காக, அவள் முகத்தையே அறியாத மகன் வழக்காடுகிறான்! வளர்த்த தந்தையும் அவனைத் துறந்துவிட, பிச்சைப் பாத்திரத்திலே கல்லை இடுகிறார்கள் அவ்வூரார். அவன் மதுரைக்குப் போகிறான். குருடரையும் செவிடரையும் முடவரையும் நோயாளரையும் அழைத்து, இரந்து வந்த சோற்றை ஊட்டி, மிஞ்சியதைத் தான் உண்டு, வெறும் ஓட்டைத் தலைக்கு வைத்து உறங்குகிறான். சிந்தாதேவி அவனுக்கு அமுதசுரபியைக் கொடுப்பது அதற்குப் பின்னரே. அறிஞர் பலர் நம் நயினாதீவே என்று கருதும் மணிபல்லவத்திலே அந்தப் பாத்திரம் மணிமேகலை கைக்கு வருகிறது.

நான் இங்கே வியப்பது ஆபுத்திரனின் புண்ணியத்தை அன்று. தாயற்ற பிள்ளை ஒவ்வொன்றும் அமுதசுரபி ஏந்த வேண்டும் என்று எதிர்பார்ப்பது அதன்மேல் மற்றொரு சுமையை ஏற்றுவதாகும். சாத்தனார் அவனுக்குப் பேச வாய் கொடுத்தார், அதைத்தான் வியக்கிறேன். தாயைப் பற்றிய பேச்சிலே கடைசி வார்த்தை ஊராருடையதாக இல்லாமற் பிள்ளையுடையதாக இருந்தது.

இப்பக்கத்துக்கு வரும் சிறுகதைகளில் வீட்டை விட்டுப் போன தாய் அடிக்கடி வருகிறாள். அவளைக் குறித்துக் கணவன் குடிக்கிறான்; மாமியார் தூற்றுகிறாள்; ஊர் தீர்ப்புக் கூறுகிறது. பிள்ளையோ முதற் பக்கத்தில் ஒரு முறையும் இறுதிப் பக்கத்தில் ஒரு முறையும் "அம்மா" என்று அலறுவதற்காக மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. பெரும்பாலும் கடைசி வரியில் அது காய்ச்சலில் இறந்தும் விடுகிறது. எழுத்தாள நண்பர்கள் கோபிக்கக் கூடாது: பிள்ளைகள் அவ்வளவு வசதியாக இறப்பதில்லை. மறுநாட் காலையில் எழுந்து, தலைமயிர் வாரத் தெரியாமல் தண்ணீர் தொட்டுப் படிய விட்டுக்கொண்டு, ஏழரை மணிக்குப் பாடசாலைக்கு வருகிறார்கள். அங்கே நாம் கட்டுரைத் தலைப்போடு காத்திருக்கிறோம்.

அந்தத் தலைப்பை நிறுத்திவிடலாமா என்று ஆசிரியை கேட்டிருந்தார். வேண்டாம் என்றே எழுதினேன். நிறுத்தினால் வகுப்பிலும் அம்மாவின் பெயர் எடுக்கப்படாது போய்விடும். தலைப்பு அப்படியே இருக்கட்டும். பத்து வாக்கியங்களுக்கு நாம் மனத்தில் வைத்திருக்கும் மாதிரி விடையைத்தான் கிழிக்க வேண்டும். சிவப்பு மையை அழிக்கவும் வேண்டாம். அதன் கீழே "நான் எழுதியது தவறு, நீ எழுதியது சரி" என்று எழுதிக் கையொப்பமிட்டு, மூன்று புள்ளிகளையும் திருப்பிக் கொடுத்து, நேர வித்தியாசக் கணக்கை அவனையே கரும்பலகையில் வகுப்புக்கு விளக்கச் சொல்லுங்கள், அவன் விரும்பினால் மட்டும், என்று எழுதினேன். நான் முப்பது ஆண்டுகளுக்கு முன் செய்யத் தவறியதை அவருக்கு உபதேசிப்பது எளிதாக இருந்தது.

சென்ற கிழமை பதில் வந்தது. புள்ளிகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். கரும்பலகைக்கு வரப் பையன் மறுத்துவிட்டானாம். அதனால் அவரும் வற்புறுத்தவில்லை. ஆனால் சில நாட்களின் பின்னர் ஒரு காலையில், மணி அடித்து வரிசை வகுப்புக்குள் நுழையும்போது, அவனிடம் மெல்ல, "இப்ப அம்மா எழும்பியிருப்பாவா?" என்று கேட்டிருக்கிறார். அவன் நின்று, சற்றே யோசித்து, ஆசிரியையைத் திருத்தியிருக்கிறான்.

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை, டீச்சர். வெள்ளிக்கிழமையில அந்த வீட்டுக்கு விருந்தாக்கள் வருவாங்க. நான் வெளிக்கிடக்குள்ளேயே அம்மா எழும்பியிருப்பா."